டபிள்யூ என்றால் வெயில்

சென்ற மாதம் ஒரு காலையில் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். பேச்சு எதுவும் இல்லை. வெறும் சத்தம்... கட கட கட கடவென்று. தகர டப்பாவுக்குள் கொட்டைப்பாக்கைப் போட்டு யாரோ கோபமாகக் குலுக்குவது மாதிரி.

அனுப்பியது பேச்சியம்மாள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அவளை நினைவிருக்கலாம். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இரண்டு அறை கட்டி விருந்தினர்களுக்கு விடுகிறவள். நாங்கள் தங்கப் போன இடத்தில் எனக்கும் அவளுக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டது. போன மாம்பழ சீசன் முடிந்த கையோடு, கேரள எல்லையோரம் முதலமடையில் எங்கள் தோப்பில் நின்ற பழைய டீசல் ஜீப்பை விலைக்கு வாங்கி மலையேறியவளும் அவளே.

உடனே கூப்பிட்டேன்.

"என்ன பேச்சி அது... மிக்ஸியா?"

"நம்ம ஜீப்புக்கா. காலையில ஸ்டார்ட் பண்ணுனா இப்பிடித்தான் கத்துது. மூணாறு வர்க்‌ஷாப்ல இருந்து சாஜன் சேட்டன் வந்து கேட்டுட்டு, எஞ்சினை அழிச்சு பணியணும்னு சொல்லுதாரு."

மலையாளத்தில் 'அழிச்சு பணி' என்றால் பிரித்து வேலை பார்ப்பது. எல்லைக்காரியான எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும், 'எஞ்சினை அழிக்கணும்' என்று யாராவது சொன்னால் என் தமிழ்க் காது முதலில் பதறிவிட்டுத்தான் அப்புறம் மொழிபெயர்க்கிறது.

பதற்றத்துக்கு வேறு காரணமும் இருந்தது. இந்த ஜீப்பை நம்பி அவள் டீ ஃபேக்டரி வேலையை விட்டிருக்கிறாள். காலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளை ஸ்கூலில் கொண்டுபோய் விடுவது, பகலில் விருந்தினர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டுவது — இரண்டும் அவளே ஓட்டுகிறாள். வேலையை விடாதே என்று வீட்டுக்காரன் முருகேசன் தலைபாடாக அடித்துக்கொண்டான். "பழைய இரும்பை வாங்கிட்டு வந்திருக்கா" என்று அவன் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்ததை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். எஞ்சினைப் பிரித்துப் போட்டால் இந்தக் குளிர் சீசன் போயிற்று. ஸ்கூல் டிரிப் வேறு ஜீப்புக்குப் போய்விடும். போனது திரும்பி வருமா? அந்த மலையில் ஜீப்புக்கா பஞ்சம்!

விஷயத்தை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நிச்சயம் அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மனுஷர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்புள்ள... நாம ஏமாத்திப்போட்டம்னு அந்த அம்மிணி நெனச்சுருக்குமோ?"

"அவ அப்படி ஒண்ணும் சொல்லலீங்க."

"சொல்லாதது தான புள்ள வலிக்குது. போலாம் கெளம்பு. முடியலைன்னா வண்டியைத் திருப்பி எடுத்துக்கறம்னு சொல்லிப்போடலாம்."

கிளம்பினோம். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போகத் தமிழ்நாட்டைத் தாண்டிப் போகிற பாக்கியம் எங்களுக்கு உண்டு. கோவிந்தாபுரம் செக்போஸ்ட், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு. காரின் பின்னால் ஒரு பை நிறைய மாவடு. கூடவே, மிச்சமிருந்த எஞ்சின் ஆயில் கேன் ஒன்று. அது எதற்கு என்று கேட்டேன்.

"அவ வேற எதையாச்சும் கண்டதை ஊத்தியிருந்தா? நம்ம ஆயிலைத்தான் ஊத்தோணும். வித்தப்பவே சொல்லித்தான் உட்டேன்."

"நம்ம ஆயில்னா?"

வழியெல்லாம் பாடம் நடந்தது. எங்கள் ஜீப்புக்கு வயசு அதிகம். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மீட்டர் எப்போதோ விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டது. முதலமடை வெயிலில், தோப்புக்கும் மண்டிக்கும் மாங்காய்க் கூடைகளைச் சுமந்து சுமந்து எஞ்சின் தேய்ந்திருந்தது. சூடேறினால் ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியத்தை இவரும் செய்தார். 20W-50 என்று கேனில் போட்டிருக்கிற கெட்டி ஆயில். போதாததற்கு, அதை இன்னும் கெட்டியாக்குகிற மருந்து ஒரு டப்பா.

"கெட்டியா ஊத்துனா வண்டி கெட்டியா இருக்கும்" என்றார்.

இந்த 'கெட்டி' இருக்கிறதே, எங்கள் பேச்சில் அது பெரிய மாயக்காரச் சொல். குழம்பு கெட்டி என்றால் பாராட்டு. பையன் கெட்டி என்றால் சாமர்த்தியசாலி. பிடி கெட்டி, மனசு கெட்டி, ஆள் கெட்டி. நீர்த்துப்போனதை யார் பாராட்டுகிறார்கள்? ஆயில் கடையில் போய் நின்றாலும் கை தானாகக் கெட்டியான கேனைத்தான் தேடும்.

"அது சரி... அந்த டபிள்யூ எதுக்குங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி சொன்னார். "வெயிலு. இருபது டிகிரியில இருந்து அம்பது டிகிரி வெயில் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். டபிள்யூன்னா வெயில்."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக நம்பினேன். தமிழிலும் வெயில், மலையாளத்திலும் வெயில். இரண்டு மொழியும் கைகோத்துச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? எங்கள் ஊர் ஆயில் கடை வாசலில் வருஷக்கணக்காக இது சாஸ்திரம். அம்பது வெயில் என்றால் நம் ஊருக்குத் தைரியமாக ஊற்றலாம் என்று எத்தனை பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள்!

பொழுது சாய்கிற நேரத்தில் பேச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் முகத்தில் குறை சொல்கிற பாவனை துளிகூட இல்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. முருகேசன் மட்டும் ஜீப்பை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாங்க" என்று சொல்லி ஃபேக்டரிக்குக் கிளம்பிப் போனான்.

சாப்பிட உட்கார்ந்தபோது இவர் அடக்க மாட்டாமல் சொல்லிவிட்டார். "அம்மிணி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. சரிப்படலைன்னா வண்டியை நாங்களே திருப்பி எடுத்துக்கறோம்."

பேச்சி அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றி, "சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

திருப்பி எடுத்துக்கொண்டால் எங்கள் மனசாட்சி சுத்தமாகிவிடும். ஆனால் அவள்? ஃபேக்டரி வாசலில் போய் நின்று பழைய வேலையைக் கேட்க வேண்டும். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நாம் பல சமயம் நம்மைத்தான் காப்பாற்றிக்கொள்கிறோம், இல்லையா?

விடிந்தது. அன்று ஸ்கூல் லீவு. குளித்துவிட்டு வந்து, தலைக்குத் தேய்க்க எண்ணெய் கேட்டேன். பேச்சி ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தாள். கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. தட்டினேன். அப்போதும் வரவில்லை. உள்ளே தேங்காய் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது.

"அடுப்புக்கிட்ட வச்சு எடுங்கக்கா. இந்த மாசத்துல இங்கன எல்லார் வீட்டுலயும் அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டே சாவியோடு வெளியே போனாள்.

பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நானும் போனேன். புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. மெக்கானிக் சாஜன் பைக்கை நிறுத்திவிட்டு, மப்ளரை அவிழ்க்காமலே வந்தார். பேச்சி சாவியைத் திருப்பினாள்.

ஜீப் முனகியது. இழுத்து இழுத்து, மனசே இல்லாமல் சுழன்றது. பிறகு பிடித்தது... கட கட கட கட. டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி போல ஒரு படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்குமே, அது அணையவே மாட்டேன் என்றது. ரொம்ப நேரம் கழித்து அணைந்தது. அதற்குப் பிறகும் சத்தம் மெல்ல மெல்லத்தான் அடங்கியது.

"கேட்டோ சேச்சி? மேல் பாகத்துல இருந்துதான் வருது. உள்ளே தேஞ்சு போயிருக்கும். அழிச்சு பார்க்காம வேற வழி இல்லை" என்றார் சாஜன்.

வீட்டுக்காரர் விடவில்லை. "நல்ல ஆயில்தானுங்க ஊத்தியிருக்கு. இருபது வெயில் அம்பது."

"எந்தா?"

"இருபது டபிள்யூ அம்பதுங்க. வெயிலுக்குப் போடறது."

சாஜன் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நெற்றியைச் சொறிந்தார். "டபிள்யூ... அது வின்டர் அல்லே? தணுப்புக் காலம்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்குமே முழு நிச்சயம் இல்லை என்பது இரண்டு முகத்திலும் தெரிந்தது. அந்த நேரத்தில் பேச்சிதான் வாயைத் திறந்தாள்.

"சேட்டா, ஒரு சந்தேகம். மத்தியானம் வெயில் அடிக்கும்போது ஸ்டார்ட் பண்ணுனா இந்தச் சத்தம் வரல. அடிமாலிக்கு எறங்குனா அங்க காலையிலகூட வரல. உள்ள தேஞ்சிருந்தா எல்லா எடத்துலயும்லா கத்தணும்? இங்கன குளிருல மட்டும் ஏன் கத்துது?"

சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை என் கையில் இருந்த பாட்டிலில் போய் நின்றது. என் பார்வையும். சாஜன் பார்வையும்.

வீட்டுக்காரர் காருக்குப் போனார். இரவெல்லாம் பனியில் கிடந்த காரிலிருந்து அந்த ஆயில் கேனை எடுத்து வந்தார். சாஜன் ஒரு பழைய டின்னில் அதைச் சாய்த்தார். முதலமடையில் சரசரவென்று ஊற்றுகிற அதே ஆயில், வெல்லப்பாகு மாதிரி யோசித்து யோசித்து இறங்கியது. மருந்து கலக்காத ஆயிலே இப்படி என்றால், ஜீப்புக்குள் ஒரு டப்பா மருந்தோடு கிடக்கிற ஆயில் என்ன கதியில் இருக்கும்?

"ஞான் ஓயில் எதுன்னு சோதிக்கவே இல்லை" என்றார் சாஜன், தனக்குத்தானே.

பிறகு நாலு பேரும் பேச்சியின் போனைச் சுற்றித் தலையைக் குவித்து நின்று படித்தோம். டபிள்யூ என்பது குளிர்காலம்தான். அதற்கு முன்னால் இருக்கிற எண், குளிரில் ஆயில் எவ்வளவு லேசாக ஓடும் என்பதற்கு. எண் சிறியது என்றால் குளிரில் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கிற எண், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஆக, இவ்வளவு காலம் எங்கள் ஊரே கேனின் மேல் குளிரைப் பார்த்து வெயில் என்று வாசித்திருக்கிறது!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் வைத்தியம் எங்கள் ஊருக்குத் தப்பில்லை. அதிகம் ஓடிய எஞ்சினில் தேய்மானத்தால் இடைவெளிகள் கூடியிருக்கும். அந்தக் கொதிக்கிற வெயிலில், பளுவோடு ஓடும்போது மெல்லிய ஆயில் நழுவிவிடும். கொஞ்சம் கெட்டியானது தங்கி நிற்கும். ஆனால் பனி விழுகிற காலையில், கெட்டியான ஆயில் அடியிலிருந்து மேலே ஏறி வருவதற்குள் எஞ்சினின் தலைப்பாகம் வறண்டு உரசுகிறது. கட கட என்பது அந்த உரசல். அதாவது, அது அழிவின் சத்தம் இல்லை... தாகத்தின் சத்தம்.

சாஜன் எஞ்சினைச் சூடாக ஓடவிட்டார். ஒரு கேஜை மாட்டி ஆயில் பிரஷரைப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டாவது முறையும் பார்த்தார். பேச்சி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். முருகேசன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தான்.

"பேடிக்க வேண்டாம்" என்றார் சாஜன். "பிரஷர் நல்லா இருக்கு. எஞ்சினுக்கு இன்னும் ஆயுசு உண்டு. அழிக்க வேண்டாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பழைய ஜீப்புக்காக ஒருத்தி அழுவாளா என்று கேட்காதீர்கள். ஜீப்புக்காக இல்லை.

எங்கள் வீட்டுக்காரரின் உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! தப்பு என்று தெரிந்துவிட்டால் நேர் எதிர்க் கோடி வரைக்கும் போய்விடுகிற சுபாவம் அவருக்கு. "அப்படின்னா இருக்கறதுலயே சின்ன நம்பரா வாங்கிப்போடலாமுங்க. சைபர்னு ஒண்ணு இருக்குதாமா. தண்ணியாட்டம் ஓடுமாமா."

"அது புதிய கார்களுக்கு" என்று சாஜன் கையெடுத்துத் தடுத்தார். "இது வயசான வண்டி. அவ்வளவு மெலிசா ஊத்தினா சூடானதும் பிரஷர் விழும். பழைய சீல் வழியா ஒழுகவும் செய்யும். நடுவில நிற்கணும்."

நடுவில் என்றால் 15W-40. டீசல் எஞ்சினுக்கானது. குளிரிலும் மேலே ஏறும், சூட்டிலும் தாங்கும். ஜீப் வாங்கின புதிதில் அதற்கு அதைத்தான் ஊற்றினோம் என்பது எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எஞ்சின் சூடு ஆறுவதற்குள் பழைய ஆயிலை இறக்கி, சாஜன் தன் வர்க்‌ஷாப்பிலிருந்து வரவழைத்த ஃபில்டரை மாட்டி, புதிதை ஊற்றினார்கள். "வாரா வாரம் ஸ்டிக்கை எடுத்து லெவல் பார்க்கணும். கொஞ்சம் குடிக்கும். குறைஞ்சா ஊத்திக் கொடுக்கணும். அவ்வளவுதான்" என்றார் சாஜன்.

"குடிச்சாக் குடிக்கட்டும். புள்ளைகளைக் கூட்டிட்டுப் போகுதுல்லா" என்றாள் பேச்சி.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் யாரும் ஆயிலை மாற்ற ஓட வேண்டாம். உங்கள் வண்டி எது, அதற்கு என்ன சொல்லியிருக்கிறார்கள், ஆயில் எவ்வளவு குறைகிறது, எங்கே ஓடுகிறது... எல்லாவற்றையும் உங்கள் மெக்கானிக்கிடம் உட்கார்ந்து பேசுங்கள். நான் பத்தி எழுதுகிறவள். டபிள்யூ என்றால் வெயில் என்று பள்ளிவாசல் வரைக்கும் நம்பிக்கொண்டு போனவள்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு மண்டையில் ஏறியது. வயசாகிவிட்டால் எதற்கும் நாம் ஒரே மருந்தைத்தான் நீட்டுகிறோம். கெட்டியாகப் போர்த்து, கெட்டியாகச் சாப்பிடு, கெட்டியாக ஒரு இடத்தில் உட்கார். சத்தம் அடங்கினால் சுகமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் மூட்டு வலிக்கே வீட்டில் நாலு பேர் நாலு கெட்டி வைத்தியம் சொல்கிறார்கள். வயசு என்ன என்று கேட்கிறவர்கள் அதிகம். நீ எங்கே இருக்கிறாய், காலையில் எழும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்? பேச்சி கேட்டது அந்தக் கேள்வியைத்தான். வண்டி எப்போது கத்துகிறது, எங்கே கத்துகிறது என்று.

மறுநாள் காலை, முந்தின நாளை விடக் குளிர். பேச்சி ஏறி உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக்காரர் பானெட்டுக்கு அருகில் போய் நின்றுகொண்டார், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி.

சாவி திரும்பியது. ஜீப் சுறுசுறுப்பாகச் சுழன்றது. சிவப்பு விளக்கு எரிந்தது... அணைந்தது. கொஞ்சமாக ஒரு கட கட. அவ்வளவுதான். பிறகு, டீசல் ஜீப் எப்படிச் சத்தம் போடுமோ அப்படிப் போட்டது.

பேச்சி உடனே வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, கேட்டுக்கொண்டே இருந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பனி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வாசலில் டீ கிளாஸோடு நின்ற முருகேசன்தான் சொன்னான். "ஹாரனை அடி. புள்ளைக காத்துக்கெடக்கும்லா."

பழைய இரும்பு என்று சொன்ன வாய்! அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஹாரனை ஒன்றுக்கு மூன்று முறையாக அடித்தாள். லயத்துப் பக்கமிருந்து ஸ்வெட்டரும் ஸ்கூல் பையுமாகப் பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். ஜீப் வளைவில் இறங்கி, தேயிலைக்குள் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. நல்ல சத்தம்.

நாங்களும் கிளம்பினோம். மறையூர் வந்ததும் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்புள்ள... எஞ்சின் எத்தனை நைஸா ஓடுது பாத்தியா? வண்டியைத் திருப்பி எடுத்துக்கறம்னு சொன்னமே, அதுக்கு அந்த அம்மிணி இன்னும் பதிலே சொல்லலியே?"

வரும்போது இதே பேச்சைப் பேசிய குரலில் வெட்கம் இருந்தது. இப்போது இருந்தது ஆசை!

"சொல்லிட்டாளேங்க" என்றேன். "காலையில மூணு தடவை ஹாரன் அடிச்சாளே... உங்களுக்குக் கேக்கலையா?"